ஊரில் மளிகைக் கடை போடப் போகிறீர்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்தால், ஒருவராவது "ஊர்ல ஒரு மளிகைக் கடை போட்டுடலாம்பா" என்பார். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் தெருவை ஒட்டி ஒரு சொந்த இடமும் சும்மா கிடக்கும். யோசனை நல்லதுதான், ஆனால் இங்கே பார்த்துப் பழகிய சூப்பர் மார்க்கெட்டை அப்படியே அங்கே கட்டப் பார்ப்பதில்தான் பாதிப் பணம் போகிறது.

கண்ணாடிக் கதவு, ஏசி, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் ரேக், எல்லாச் செலவும் கடைசியில் பருப்பு விலையில்தான் ஏறும். அதுபோக, களையெடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வருகிற அம்மா அந்தக் கதவைத் தள்ளவே தயங்குவார். முன்னால் ஒரு மேடை, பின்னால் சுவர் முழுக்க அலமாரி, கேட்டதை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், போதும். "பத்து ரூபாய்க்கு மிளகு, அஞ்சு ரூபாய்க்குக் கடுகு" என்று கேட்பவரிடம் கால் கிலோ பாக்கெட்டை நீட்டினால் அவர் மறுபடி வரமாட்டார். மூட்டையைப் பிரித்து உதிரியாக விற்பதில் உங்களுக்கும் லாபம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிளோடு அடைத்து வரும் அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் அது கிடையாது.

சரக்கு எடுக்கும் முன் ரேஷன் கடையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலையோடு யார் மோத முடியும்? ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்புதான், அது தீர்ந்த பிறகு உங்களிடம்தான் வருவார்கள். அந்த அளவுக்கு மட்டும் பருப்பு வைத்துக்கொண்டு, மிச்சக் காசைப் புளி, மிளகாய், பூண்டு, கடலை எண்ணெய், சோப்பில் போடுங்கள்.

பெங்களூர் யஷ்வந்த்பூர் யார்டில், அதாவது மொத்த விலைச் சந்தையில், எல்லாவற்றையும் வாங்கி வண்டி ஏற்றினால் மலிவு என்பது பாதிதான் உண்மை. வண்டி வாடகை, சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிளகாய், சீரகம் மாதிரி எடை குறைந்து விலை கூடிய சரக்குக்குத்தான் கட்டுப்படியாகும். சோப்பும் பிஸ்கட்டும் ஏஜென்சி வண்டியிலேயே வாசலுக்கு வந்துவிடும்.

செலவைக் குறைக்கிறேன் என்று தகரக் கூரை போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும், சித்திரை வெயிலில் மிட்டாய் இளகி ஒட்டும், எண்ணெய் சிக்குவாடை அடிக்கும், ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடி மின் கட்டணத்தை ஏற்றும். ஓடு போடுங்கள், அல்லது கூரையை உயர்த்திக் காற்றுப் போக வழி விடுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள், ஈரம் ஏறினால் பருப்பில் வண்டு வரும்.

அப்புறம் கடன். "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டிவிட்டால் ஊரில் வியாபாரமே நடக்காது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வைத்து, பால் பணமோ கூலியோ வரும் நாளில் கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கடன் தொகையையும் முதலீட்டில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு மூணாவது மாதம் சரக்கு எடுக்கக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

வீட்டு மின் இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுக்காதீர்கள், கடைக்கு வணிக இணைப்புதான் வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு, எடை சரிதான் என்று காட்டும் அரசு முத்திரையை வருடா வருடம் போட வேண்டும், அதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.