நிலைகளை மனப்பாடம் செய்தால் குழந்தை புரிந்துவிடாது: வளர்ச்சி உளவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ச்சி உளவியலைப் படிக்கிறவர்கள் பலர் அதை எண்களின் பட்டியலாக மனதில் வைத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை விளக்கிய பியாஜே என்றால் 4 நிலைகள், ஆளுமை வளர்ச்சியை விளக்கிய எரிக்சன் என்றால் 8, சரி தவறு பற்றிய சிந்தனையை ஆராய்ந்த கோல்பெர்க் என்றால் 6. தேர்வு எழுத அது போதும். ஆனால் எதிரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பட்டியலே கண்ணை மறைத்துவிடுகிறது. குழந்தை என்ன பதில் சொன்னது, எந்த நிலையில் இருக்கிறது என்று முத்திரை குத்துவதில் காட்டும் அவசரத்தை, அந்தப் பதிலுக்கு அது எப்படி வந்தது என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. கீழே வரும் தவறுகள் எல்லாம் ஏறக்குறைய இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில், பியாஜேயின் வயது எல்லைகளை விதியாக எடுத்துக்கொள்வது. 2 முதல் 7, 7 முதல் 11 என்று பாடநூலில் இருப்பவை தோராயமான கணக்கு. அவருக்கு முக்கியமாக இருந்தது வயதல்ல, சிந்தனை எந்த வரிசையில் மாறுகிறது என்பது. அவருடைய புகழ்பெற்ற தண்ணீர்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர். குழந்தையும் சமம் என்று ஒப்புக்கொள்கிறது. அதன் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றி, "இப்போ எதுல அதிகம்?" என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமானதைக் காட்டும். இங்கே நிறுத்திக்கொண்டு "தெரியவில்லை" என்று குறித்துவிடுவதுதான் தவறு. "எப்படிச் சொல்றே?" என்று கேட்டுப் பாருங்கள். "உயரமா இருக்கே" என்கிற குழந்தை ஒரே ஒரு அளவைத்தான் கவனிக்கிறது. "உயரமாத்தான் இருக்கு, ஆனா ஒல்லியா இருக்கு" என்கிற குழந்தை இரண்டு அளவுகளை ஒன்றோடொன்று ஈடுகட்டிப் பார்க்கிறது. "திரும்ப ஊத்தினா பழையபடி ஆயிடும்" என்பது இன்னொரு வகைச் சிந்தனை. "சமம்" என்ற சரியான விடையைக் குழந்தை வெறும் ஊகத்திலும் சொல்லலாம். காரணத்தைக் கேட்டால்தான் அது தெரியும்.

கேள்வி கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று குழந்தை நினைக்கிறது. தண்ணீரை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது சரியாகச் சொன்ன குழந்தைகள் அதிகமானார்கள் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வில்லைகளை இரண்டு சமமான வரிசைகளாக அடுக்கி, ஒன்றைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை கலைத்துவிட்டதாக ஆடிக் காட்டினார்கள். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எண்ணிக்கை மாறவில்லை என்றார்கள். பெரியவர் கலைத்தபோது அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அப்புறம், எண்ணிக்கையில் தெளிவாக இருக்கும் குழந்தை எடையில் தடுமாறும். இதைப் பியாஜேயே கவனித்திருக்கிறார். அதனால் "இந்தப் பிள்ளை இரண்டாம் நிலை" என்று மொத்தமாகச் சொல்வதில் பெரிதாகப் பொருள் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், தன் பார்வையிலிருந்து மட்டுமே எதையும் பார்க்கும் தன்மையச் சிந்தனையைச் சுயநலம் என்று எண்ணுவது. போனில் பேசும் மூன்று வயதுக் குழந்தை, "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டும். தான் பார்ப்பதை மறுமுனையில் இருப்பவரும் பார்க்கிறார் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். அதை அடம் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

அடுத்தது எதிர்மறை வலுவூட்டல். இதைத் தண்டனை என்று எழுதாத விடைத்தாளைப் பார்ப்பது அரிது. நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் வழி வந்த கணக்கு எளிமையானது: ஒரு செயல் பிற்பாடு கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. தொல்லையான ஒன்று விலகுவதால் செயல் கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். காரில் பெல்ட் போட்டதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறது, அதனால் அடுத்த முறையும் போடுகிறோம். அவ்வளவுதான்.

வகுப்பறையில்தான் இது உண்மையில் முக்கியமாகிறது. கணக்கு வராத ஒரு மாணவன் கணக்கு வகுப்பில் மட்டும் சத்தம் போடுகிறான். ஆசிரியர் அவனை வெளியே நிறுத்துகிறார். தண்டனை கொடுத்ததாக அவர் நினைக்கிறார். மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே சத்தம் போடுகிறான். ஏன்? சத்தம் போட்டால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று கற்றுக்கொண்டுவிட்டான். அவன் போனதும் வகுப்பு அமைதியாகிறது. அந்த நிம்மதியில் ஆசிரியரும் அவனைத் தொடர்ந்து வெளியே அனுப்பப் பழகிவிடுகிறார். இரண்டு பக்கமும் நடப்பது எதிர்மறை வலுவூட்டல்தான். கொடுத்தவரின் நோக்கம் இங்கே கணக்கில் வராது. செயல் கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. அந்த மாணவனுக்குத் தேவை அவனால் தொடங்க முடிகிற அளவில் ஒரு கணக்கு.

அங்கேதான் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி வருகிறார். அண்மை வளர்ச்சி மண்டலம் என்பது, தானாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் உள்ள தூரம். "கொஞ்சம் கடினமான பாடம் கொடு" என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். துணை என்ற பாதி அப்போது காணாமல் போகிறது. குழந்தைக்குத் தேவைப்படும் வரை மட்டும் கொடுக்கும் உதவியைக் குறிக்கும் சாரக்கட்டு என்ற சொல்லையும் பலர் அவர் பெயரில் எழுதுகிறார்கள். அவர் இறந்தது 1934-இல். அந்தச் சொல்லை இந்தப் பொருளில் வைத்தது 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்ட எப்படி உதவுவது என்று அதில் பார்த்தார்கள். குழந்தை திணறினால் உதவியைக் கூட்ட வேண்டும், முன்னேறினால் குறைக்க வேண்டும். குறைக்கப்படாத உதவி சாரக்கட்டு அல்ல. பென்சிலைப் பிடுங்கி நாமே போட்டுக் காட்டுவதும் அல்ல.

குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் உள்ள பாசப் பிணைப்பை விளக்கும் பிணைப்புக் கோட்பாட்டில் நடக்கும் தவறு பெற்றோரை வீணாகப் பயமுறுத்துகிறது. தாய் அறையை விட்டுப் போனதும் அழுகிற குழந்தைக்குப் பிணைப்பு சரியில்லை, அழாதது தைரியசாலி என்று முடிவு கட்டுகிறார்கள். தாய் சற்று நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பும் சோதனையை நடத்திய உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் அதில் உன்னிப்பாகப் பார்த்தது, தாய் திரும்பி வரும் நேரத்தை. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, ஆறுதல் அடைந்து, மீண்டும் விளையாடப் போகிற குழந்தையின் பிணைப்பு பாதுகாப்பானது. அது முன்பு எவ்வளவு அழுதிருந்தாலும் சரி. தாயைக் கண்டுகொள்ளாமல் விளையாடும் குழந்தைகளின் இதயத்துடிப்பும் கூடியிருந்ததைப் பிறகு அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே தெரியும் அமைதியை மட்டும் நம்பக் கூடாது. தவிர, பாதுகாப்பற்ற பிணைப்பு என்பது நோயின் பெயரும் அல்ல.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். எப்படிக் கற்பிப்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும். வரைபடத்தை யாராக இருந்தாலும் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கற்றலில் பலரும் செய்யும் இன்னொரு தவறு, பாடம் நடத்திய அன்றே அதை மதிப்பிடுவது. 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், மற்றவர்களைப் படித்ததை நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். அதனால் இன்று சொல்லிக்கொடுத்ததை இன்று மாலையே ஒப்பிக்கச் சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்ளாமல், அடுத்த வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதே கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்தாமல், எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று முதலில் கேளுங்கள்.