மீண்டும் டிரையத்லான்: திரும்பி வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் கப்பன் பார்க்கில் ஓடி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அல்சூரில் இருக்கும் ஒரு தம்பி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்கு மீண்டும் தயாராகிறான். "அண்ணா, அஞ்சு வருஷம் கேப். ஆனா நாலே வாரத்துல பழைய ஸ்பீடு வந்துடுச்சு!" அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். சொன்ன மூன்றாவது வாரம் ஊன்றுகோலோடு நடந்தேன்.

தண்ணீர் குடியுங்கள், வார்ம்-அப் செய்யுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை ரேஸ் முடித்தவர்களுக்கு அது தெரியும்.

மூச்சை நம்பி ஓடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறாத தவறு இது. ஆறு வருடம் கழித்துத் திரும்பியபோது நீச்சலும் சைக்கிளும் சீக்கிரமே கைவந்தன. நந்தி மலையை மூன்றாவது முயற்சியிலேயே நிற்காமல் ஏறினேன். அந்தத் தெம்பில், ஐந்தாவது வாரம் டிராக்கில் இறங்கி, 800 மீட்டரை எட்டு முறை பழைய வேகத்தில் ஓடினேன். மூச்சு துளியும் திணறவில்லை. மறுநாள் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஓரிடத்தில் மட்டும் வலி. ஐஸ் வைத்துக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். சரி என்று மறுபடியும் ஓடினேன். கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் எலும்பில் விரிசல் விழுந்திருப்பது தெரிந்தது. இரண்டு மாதம் ஓட்டமே கிடையாது. பணம் கட்டியிருந்த ரேஸும் போயிற்று.

பயிற்சி தொடங்கிய இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. மூச்சு சீக்கிரம் திரும்புவது இதனால்தான். எலும்பின் கதை வேறு. புதிய பாரம் விழுந்ததும் அது முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைக்கிறது, அதன் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. கட்டி முடித்துக் கெட்டியாக மாதங்கள் ஆகும். ஆகவே முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீச்சலிலும் சைக்கிளிலும் அந்த அடி விழுவதே இல்லை. மூச்சை வளர்ப்பது இரண்டு விளையாட்டு, அடி வாங்குவது மூன்றாவது. டிரையத்லான்காரர் எளிதில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

முதல் எட்டு வாரம் ஓட்டத்தில் வேகமே வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. மூச்சு வாங்க வேண்டுமென்றால் அதைக் குளத்திலும் சைக்கிளிலும் வாங்குங்கள். காலில் வலி வந்தால் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவாமல் ஒரே புள்ளியில் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி, ஸ்போர்ட்ஸ் டாக்டரைப் பாருங்கள். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

வாட்ச்சில் இருக்கும் பழைய எண்கள்

பழைய வேகம், இதயத்துடிப்பு அளவுகளையெல்லாம் அழித்துவிடுங்கள். புதிதாக டெஸ்ட் எடுங்கள்.

பால்கனியில் மூடி வைத்த சைக்கிள்

பஞ்சரை அடைக்க டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றிய சீலண்ட் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும். டயரில் வெடிப்பு விழுந்திருக்கும், பிரேக் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். இதெல்லாம் நந்தியில் இறங்கும்போது தெரியவரக் கூடாது. முதல் சவாரிக்கு முன்பே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

பெங்களூர் காற்றில் பயிற்சி, கோவா வெயிலில் ரேஸ்

நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். விடியற்காலையில் ஓடினால் வேர்வைகூடச் சரியாக வராது. 2019இல் தொடங்கிய கோவா அயர்ன்மேன் 70.3க்குத்தான் இங்கே பலரும் பெயர் கொடுக்கிறார்கள். அங்கே 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு, புழுக்கத்தில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ரேஸுக்கு முந்தைய இரண்டு வாரமாவது மதிய வெயிலில் மெதுவாக ஓடிப் பழகுங்கள். நீச்சலும் அப்படித்தான். குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், அடியில் கோடு வழிகாட்டுகிறது. கடலில் இரண்டுமே இல்லை. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்கும் பழக்கத்தைக் குளத்திலேயே கொண்டுவாருங்கள்.

ஹெல்மெட் வார்

ரேஸில் சைக்கிளைத் தொடும் முன் மாட்டுங்கள். ஸ்டாண்டில் வைத்த பிறகு கழற்றுங்கள்.

முதல் ரேஸ்

ஸ்பிரிண்ட் என்கிற குறுகிய ரேஸ் போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் கோவாவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தான். கொஞ்ச நேரம் பேசாமல் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துச் செய்யும் ரிலேவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன், சைக்கிள் மட்டும் நான் ஓட்டுகிறேன் என்றான்.