பிளே ஸ்கூல் பார்க்கப் போகிறீர்களா? பொடக்காளியில் (பின்பக்கத்தில்) இருந்து ஆரம்பியுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் திருப்பூரில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'அட்மிஷன் நடைபெறுகிறது' தட்டிதான். செக்கிங், ஓவர்லாக், பேக்கிங் என்று புருஷனும் பெண்சாதியும் பனியன் கம்பெனிக்குப் போகிற ஊர் இது. சொந்த ஊரில் அப்பத்தாவை விட்டுவிட்டு வந்த குடும்பங்களே அதிகம். இரண்டு வயசுப் பிள்ளையை எங்கே விடுவது என்பது இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற கவலை.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சானிடரி இன்ஸ்பெக்டர் என்று சொன்னால்தான் ஊரில் புரியும். பேத்திக்கு இடம் பார்க்க மருமகளோடு கிளம்பியபோது, "முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போவோம் அம்மிணி" என்றேன். "என்னங்க மாமா, எடுத்ததும் கக்கூஸையா பார்ப்பாங்க?" என்று சிரித்தாள். நான் அப்படித்தான் பார்ப்பேன். வாசலில் சோட்டா பீம் வரைய ஒரு பெயின்டர் போதும். பின்பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்த இடத்தை நடத்துகிறார்கள்.

பின்பக்கம் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். தரைக்கடியில் தண்ணீர் பிடிக்கிற சம்பு எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, மூடி எதனால் ஆனது? 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த ஒரு சிறுமி பள்ளிக்கூடத்துச் செப்டிக் டேங்கில் விழுந்து இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நாலு வயசுப் பெண் குழந்தை போனது. இந்த இரண்டும் பேப்பரில் வந்ததால் நமக்குத் தெரியும்.

இரும்புத் தகடு மூடிக்கு மேலே வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பார்கள். பார்க்கப் புதுசாகத் தெரியும். துரு தின்பது அடியில், தகடு சட்டத்தோடு சேர்கிற ஓரத்தில். அதன் மேல் ஏறி நின்று பார்க்காதீர்கள். ஒரு குச்சியால் ஓரமாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு பொத்தென்று கேட்கும். ஓரத்தில் செதில் செதிலாக உதிர்ந்தால் வேறு சோதனையே வேண்டாம். கான்கிரீட் ஸ்லாபாக இருந்தால் விரிசலையும், தூக்குவதற்கு வைத்த கம்பி வளையத்தையும் பாருங்கள். எதுவாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் சிரமப்பட்டுத்தான் திறக்க வேண்டும், பூட்டும் இருக்க வேண்டும். 'குழந்தைகள் இந்தப் பக்கம் வரவே மாட்டார்கள் சார்' என்ற பதிலை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். வராத பிள்ளைக்கு எதற்கு அங்கே பந்து கிடக்கிறது என்று திருப்பிக் கேட்பேன்.

சம்பு மட்டும் தொட்டி இல்லை. பாத்ரூமில் பாதி நிறைந்த பக்கெட் இருந்தால் அதுவும் தொட்டிதான். ஒன்று, ஒன்றரை வயசுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் எழுந்திருக்கத் தெரியாது. சாண் அளவு தண்ணீரே போதும். அழுவதற்கும் நேரம் இருக்காது. பக்கெட் கவிழ்த்தே வைக்கப்பட்டிருக்க வேண்டும், பாத்ரூம் கதவு வெளியிலிருந்து பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது கொசு. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை, அதனால் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் ட்ரம் இருக்கும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். கடிப்பதும் பகலில். பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுப் பாயில் படுத்துத் தூங்குகிற நேரத்தில் அது முழித்துக்கொண்டு இருக்கிறது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ட்ரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிரஷ் போட்டுத் தேய்த்தார்களா என்று கேளுங்கள்.

பிளே ஸ்கூலுக்கே உரிய இடம் ஒன்று உண்டு: விளையாட்டுத் திடலில் கலர் அடித்துப் பாதி புதைத்து வைத்திருக்கிற பழைய டயர். அழகாகத்தான் இருக்கும். மழை பெய்த மறுநாள் போய் செல்போன் டார்ச்சை அதற்குள் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றால் அதில் மெல்லிய புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். உங்கள் கை நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கும். மண் நிரப்பினாலோ, அடியில் ஓட்டை போட்டாலோ தீர்ந்தது, செலவே இல்லை. ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, மணி பிளான்ட் பாட்டில் இவற்றையும் விடாதீர்கள். கொசுப்புழு தேடுகிற எங்கள் டிபிசி பணியாளர்கள் வீடு வீடாக வருவது இதற்குத்தான். புழு கண்டால் அபராதம் உண்டு, பள்ளிக்கூடமாக இருந்தாலும்.

குடிதண்ணீர் என்றதும் 'ஆர்.ஓ. சார்' என்பார்கள். சரி. அந்த ஆர்.ஓ. தண்ணீர் எதில் நிற்கிறது, பிள்ளைக்கு எப்படி வருகிறது? எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி வைத்து டம்ளரை உள்ளே விட்டு மொண்டால் ஆர்.ஓ. போட்ட காசு வீண். குழாய் வைத்த பாத்திரம் வேண்டும். தொட்டித் தண்ணீரில் குளோரின் போடுகிறோம் என்று சொன்னால் சோதிப்பது சுலபம். மாநகராட்சி ஆட்களிடம் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும், நிறத்தை ஒப்பிட்டால் அளவு தெரியும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டால் வந்து பார்ப்பார், அது அவர் வேலைதான்.

கழிப்பறையில் நான் முதலில் பார்ப்பது சோப்பு. பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஈரமாக, தேய்ந்து இருக்கிறதா? எழுத்துகூட அழியாத சோப்பு இருந்தால் நீங்கள் வருகிறீர்கள் என்று வைத்தது. அப்புறம் ஆசிட், பினாயில். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அப்படி ஒரு பாட்டில் கண்ணில் பட்டால், மன்னிக்கவும், அங்கே சேர்க்காதீர்கள். அது கவனக்குறைவு இல்லை, பழக்கம்.

இனி நெருப்பு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகின. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. ஆனாலும் மொட்டை மாடியில் வெயிலுக்கு என்று கீற்று வேய்ந்து, கீழே பிள்ளைகளை உட்கார வைக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'இது பந்தல்தானுங்க' என்பார்கள். நெருப்புக்குப் பந்தல், கூரை என்ற வித்தியாசம் தெரியாது.

சமையல் உள்ளே நடந்தால் சிலிண்டரைப் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும், பிள்ளைகள் படுத்திருப்பதும் தரையில்தான். ஆகவே சிலிண்டர் தூங்குகிற அறையை ஒட்டி இருக்கவே கூடாது. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் வருஷத்தைக் குறிக்கும். அந்தத் தேதிக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும். சிலிண்டரை அடுப்போடு சேர்க்கிற ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வருஷம் அதிலேயே அச்சடித்திருக்கும். தீயணைப்புக் கருவியில் முள் பச்சையில் நிற்க வேண்டும். ஆயாவைக் கூப்பிட்டு 'இதை எப்படிம்மா திறக்கிறது?' என்று கேளுங்கள். பின்னைப் பிடுங்க வேண்டும் என்று அந்தம்மா சொன்னால்தான் அந்தக் கருவியால் பிரயோஜனம்.

வெளியேறும் வழி இரண்டு வேண்டும். மதியம் தூங்கும் நேரத்தில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை மேடம் கைப்பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குப் போய்விடுவார். ஆகவே மதியம் ஒன்றரை மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை பேர் தேடினால் சாவி கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். மாடியில் நடக்கிற இடம் என்றால் நான் பேசவே மாட்டேன், கீழே இறங்கி வந்துவிடுவேன்.

கரண்ட் விஷயம் ஒரு வரி: மெயின் போர்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்ச்) இருக்கிறதா, அதில் 'T' என்ற டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கரண்ட் போகிறதா.

இதெல்லாம் பார்த்த பிறகு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து சான்றிதழ் கேளுங்கள். நாலு தாள். பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, எங்கள் ஆட்கள் தரும் சுகாதாரச் சான்று. இவை இருந்தால்தான் கல்வித் துறை அனுமதி பற்றிப் பேச முடியும். பிளே ஸ்கூல்களுக்கென்றே தமிழக அரசு 2015-ல் தனி விதித்தொகுப்புக் கொண்டுவந்தது, ஆகவே 'இது பள்ளிக்கூடம் இல்லைங்க, சும்மா விளையாட்டு' என்ற சமாதானம் செல்லாது. தாளில் மூன்றை மட்டும் படியுங்கள்: முகவரி இந்தக் கட்டடத்துடையதா, பெயர் இவர்களுடையதா, தேதி முடிந்துவிட்டதா. கிளை திறக்கிறவர்கள் தலைமை இடத்துச் சான்றை ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள். சாப்பாடு போடுகிறார்கள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் கேளுங்கள். நான் கையெழுத்துப் போட்ட ஆள் என்பதால் சொல்கிறேன்: சான்று என்பது ஆய்வாளர் வந்த அன்றைய நிலவரம். அதற்குப் பிறகு மூடி துருப்பிடித்தால் தாளில் தெரியாது.

இட வசதிக்கு 2018-ல் மத்திய அரசு காப்பகங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு கணக்குச் சொல்கிறது: பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பீரோவே இல்லை என்றாலும் 12 பிள்ளைக்கு மேல் ஆகாது. வகுப்பறை வாசலில் கழற்றிக் கிடக்கிற செருப்பை எண்ணினால் போதும், ரிஜிஸ்டர் தேவையில்லை.

நோய் வந்த பிள்ளையை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். 'மாத்திரை கொடுத்து அனுப்புங்க, பார்த்துக்கிறோம்' என்று தாராளமாகச் சொல்லும் இடம் எனக்குப் பயம். அம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்கு கட்டும் வரையும், வாந்தி பேதி நின்று இரண்டு நாளும் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிற இடம்தான் நல்ல இடம், நமக்கு லீவு கிடைக்காமல் கடுப்பாக இருந்தாலும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களா என்பதும் ஒரு அடையாளம்.

பிள்ளையை யாரிடம் கொடுத்து அனுப்புவார்கள்? பெயர், போட்டோ எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர், வாட்ச்மேன் உட்பட ஒரு ஆளும் பிள்ளையோடு தனியாகக் கதவடைத்த அறையில் இருக்கக் கூடாது. தப்பு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் 'பேர் கெட்டுடும்' என்று மூடி மறைத்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. இதை அட்மிஷன் அன்றே சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம், குற்றம் சாட்டுவதாக ஆகாது.

கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு ஒன்று. 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்கிற தொழிற்சாலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பக வசதி, அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்க அனுமதி என்றது; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆய்வு வருகிற அன்று மட்டும் தொட்டில் கட்டுகிற கம்பெனிகள் உண்டு. தொட்டில் துணியில் பால் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

குறை கண்டால் முதலில் நிர்வாகியிடம் வாட்ஸப்பில் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள். மூடி, கழிப்பறை, தண்ணீர், கொசு என்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. கட்டடம், அனுமதி என்றால் தாசில்தாரும் கல்வி அலுவலரும். பிள்ளையை அடித்தார்கள், வேறு ஏதாவது என்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. எதுவும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். மனுவில் புகார் ஒன்றே ஒன்று இருக்கட்டும், மூடியின் போட்டோவைத் தேதியோடு இணையுங்கள். பத்துக் குறையை ஒரே மனுவில் எழுதினால் அது பத்து மேஜைக்குச் சுற்றும். கொடுத்ததற்கு மனு எண் போட்ட ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.