‘ஆர்எம்’ கட்டளை: அழிக்கும்போதும் அழித்த பின்னும் நேரும் தவறுகள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் முனையத்தில், கோப்புகளை நீக்கும் ‘ஆர்எம்’ (rm) கட்டளையால் அழிக்கப்படும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. அங்கே தேடிப் பயனில்லை. பெரும்பாலான இழப்புகள் அறியாமையால் அல்ல, அவசரத்தால்தான் நேர்கின்றன.

பண்டாரவளையில் ஒரு பாடசாலையின் கணினியில், மூன்றாந் தவணைப் புள்ளிகள் உள்ள கோப்புறையிலிருந்து தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்க விரும்பும் ஆசிரியர் ஒருவர், எந்தப் பெயரையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் (*) ‘.டிஎம்பி’ (.tmp) என்ற பின்னொட்டுக்கும் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டளையை வாசித்து இயக்கும் நிரலான ஷெல் அந்த நட்சத்திரத்தைத் தனியாக எடுத்து, கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களாக விரித்துக் கொடுத்துவிடும். ‘.டிஎம்பி’ என்றொரு கோப்பு இல்லை என்ற ஒற்றை வரிப் பிழைச்செய்தி திரையில் தோன்றும்போது புள்ளிகள் ஏற்கெனவே போயிருக்கும். ஆகவே, நட்சத்திரமும் பின்னொட்டும் சேர்ந்த அதே கோலத்தை முதலில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ (ls) கட்டளைக்குக் கொடுத்து, வரும் பட்டியலை வாசித்த பின்பே அழிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும் சிறிய ‘ஐ’ (-i) தெரிவைவிட, மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தால் ஒரே முறை கேட்கும் பெரிய ‘ஐ’ (-I) தெரிவே மேலானது என்பது என் கருத்து. ஓயாமல் கேட்டால் விரல் தானாகவே சம்மதம் சொல்லும் ‘ஒய்’ (y) விசைக்குப் போய்விடும்.

கட்டளைகளைக் கோப்பாக எழுதிவைத்துத் தானாக இயக்கும் ஸ்கிரிப்ட்களில் ஆபத்து வேறு விதமானது. 2015இல், கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், கோப்புறையின் பெயரை வைத்திருக்க வேண்டிய ஒரு மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) வெறுமையாகிப் போனதால், பயனரின் சொந்தக் கோப்புகளே அழிந்தன. கோப்புறையின் பெயரை மாறியிலிருந்து எடுக்கும் எந்த ஸ்கிரிப்டும், அது வெறுமையாக இருந்தால் உடனே நின்றுவிடும்படி எழுதப்பட வேண்டும்.

அழித்த பின் செய்யும் தவறுகளே அதிகக் கேடு விளைவிப்பவை. தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயரை வெட்டினாலும் ஆள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) இருப்பதைப் போல, கோப்பின் பெயர் நீங்கினாலும் உள்ளடக்கம், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டில் இருக்கும். பதற்றத்தில் மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவுவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவதாக முடியலாம். அழிந்த கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தால் அதை மூடக் கூடாது. இயங்கும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ‘/புரொக்’ (/proc) கோப்புறையில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழுள்ள ‘எஃப்டி’ (fd) பகுதியிலிருந்து கோப்பை முழுமையாகப் பிரதியெடுக்கலாம். இல்லையேல் கணினியை நிறுத்தி, யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மூலம் மீட்பதை வேறொரு தட்டில் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் உள்ளடக்கத்தைப் பார்த்தே கோப்பை அடையாளம் காண்பதால் பழைய பெயர்கள் திரும்பி வாரா.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி (SSD) தட்டுகளில் இந்த நம்பிக்கையும் குறைவு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வாரம் ஒருமுறை, எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று தட்டுக்குத் தெரிவிக்க அனுப்பும் ‘டிரிம்’ ஆணைக்குப் பின், அழிந்தவை பெரும்பாலும் மீளா. அதற்காக, பழைய கணினியை ஹட்டன் நகரில் விற்கப் போகிறவர் கோப்பின் மேல் வேறு தரவை எழுதி அழிக்கும் ‘ஷ்ரெட்’ (shred) கட்டளையை நம்பிவிடவும் கூடாது: எஸ்எஸ்டி புதிய தரவை வேறு இடத்தில் எழுதிவிடுவதால் பழைய பிரதி எஞ்சலாம். தட்டை ஆரம்பத்திலேயே முழுமையாகக் குறியாக்கம் செய்து வைத்திருந்தால், விற்கும் நாளில் திறவுகோலை அழித்தாலே போதும்.