பிரெஞ்சு வகுப்பில் ஊக விளையாட்டு

மொழி வகுப்பில் பெரும்பாலும் கேள்வி கேட்பவர் ஆசிரியர், விடை சொல்பவர் மாணவர். அதனால் பிரெஞ்சு மொழியில் கேள்வி கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு எளிதில் வருவதில்லை. ஊக விளையாட்டு இந்த முறையைத் தலைகீழாக்குகிறது. விடை ஆசிரியரிடம் மறைந்திருக்க, அதைக் கண்டுபிடிக்கும் ஆவலில் மாணவர்கள் ஒரே வாக்கிய அமைப்பைப் பத்துப் பதினைந்து முறை சலிப்பில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே யாருடைய பெயரைச் சீட்டில் எழுதுவது என்று யோசிப்பதற்கு முன், எந்த வாக்கிய அமைப்பு நாவில் பதிய வேண்டும் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

எளிய வடிவம் 'கி எஸ்?', அதாவது 'அவர் யார்?'. வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரின் பெயரை எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கேள்வியைத் தொடங்கும் 'எஸ்-க' என்ற பிரெஞ்சுச் சொற்றொடரில் தொடங்கி, ஆம் அல்லது இல்லை என்ற விடை வரும் கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும். இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு சிக்கல் முதலிலேயே எழும். நம் 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது; பிரெஞ்சிலோ 'இல்' (அவன்) அல்லது 'எல்' (அவள்) என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாக்கியமே நகராது. ஆகவே முதல் கேள்வி, ஆணா என்பதாகவே இருக்கும், அது இருக்கட்டும்.

சீட்டில் ஆங்கிலேயருக்கு எதிரான போரில் பிரெஞ்சுப் படையோடு நின்ற இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க், பிரெஞ்சில் ழான் தார்க், இருப்பதாகக் கொள்வோம். ஆணா? இல்லை. அரசியா? இல்லை. பாரீசில் பிறந்தவரா? இல்லை. ரூவான் நகரில் இறந்தவரா? ஆம். இந்த நான்கு கேள்விகளுக்குள் நுட்பமான ஓர் இலக்கணப் பாடம் அடங்கியிருக்கிறது. 'பிறந்தார்' என்பதற்கான 'நே' ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு ஒன்றுதான். 'இறந்தார்' என்பதோ ஆணுக்கு 'மோர்', பெண்ணுக்கு 'மோர்த்'. அந்தக் கடைசி ஒலியைத் தவறவிடும் மாணவரை மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். பெயர் வெளிப்பட்ட பின் 1429இல் ஓர்லெயான் நகரை ஆங்கிலேயர் இட்ட முற்றுகை முறியடிக்கப்பட்டதையும், 1431 மே 30 அன்று ரூவானில் அவர் எரிக்கப்பட்டதையும் சொன்னால், ஊர்ப்பெயர்கள் ஏற்கெனவே காதில் விழுந்திருப்பதால் எளிதில் நிற்கும்.

விடைகளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஒருமுறை நான் மேரி கியூரியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பிரெஞ்சுக்காரரா என்று ஒரு மாணவர் கேட்டதும் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 1867இல் வார்சாவில் பிறந்து, 1895இல் பியேர் கியூரியை மணந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் அவர். திணறியபோது சங்கடமாக இருந்தது உண்மை. ஆனால் குடியுரிமை பற்றிய நல்ல பேச்சு அன்று அதிலிருந்துதான் பிறந்தது. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியும் இப்படி ஏமாற்றுவார்: அவருடைய புகழ்பெற்ற அரண்மனை இருக்கும் வெர்சாயில் பிறந்தவரா என்று கேட்டால் இல்லை என்பதே விடை, அவர் 1638இல் பிறந்தது சேன்-ழெர்மேன்-ஆன்-லேயில்.

எண்களுக்கு ஆண்டை ஊகிக்கும் ஆட்டத்தை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1701 முதல் 1800 வரை ஓர் ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, மாணவர் சொல்லும் ஆண்டுக்கு 'அவான்' (முன்பு) அல்லது 'ஆப்ரே' (பின்பு) என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சிய ஆண்டுகளை நடுவில் பிரித்துக் கேட்டால் ஏழு ஊகங்களுக்குள் விடை கிடைத்துவிடும். 1750, 1775, 1788, 1794, 1791 என்று வந்து 1789இல் நிற்பதற்குள், எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூற்று ஒன்றை 'நான்கு இருபது, பதினொன்று' என்றும் சொல்லும் பிரெஞ்சு வழக்கம் பலமுறை வாயில் புழங்கிவிடும்.

ஆண்டைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அந்த ஆண்டு ஜூலை 14 அன்று, பாரீசில் சிறையாக இருந்த பாஸ்தீய் கோட்டை மக்கள் கூட்டத்திடம் வீழ்ந்தபோது உள்ளே எத்தனை கைதிகள் இருந்தார்கள் என்று 'கோம்பியேன்' (எத்தனை) போட்டுக் கேளுங்கள். நூறு, ஐந்நூறு என்று ஊகங்கள் ஏறும். விடை ஏழு. அப்படியானால் கூட்டம் ஏன் அங்கே போனது என்ற கேள்வி, நீங்கள் கேட்காமலே அவர்களிடமிருந்து வரும்; பாரீசில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆன்வலீத் மாளிகையில் துப்பாக்கிகளைக் கைப்பற்றியவர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது, அது கோட்டைக்குள் இருந்தது என்ற காரணத்தை அப்போது சொல்லுங்கள். காரணத்தை முதலில் சொல்லிவிட்டால் எண்ணிக்கையில் சுவாரசியம் போய்விடும்.

ஆட்டம் நடக்கும்போது பிழைகளை உடனுக்குடன் திருத்த வேண்டாம். தாளில் குறித்துக்கொண்டு முடிவில் கரும்பலகையில் எழுதினால் போதும். பொருள் புரியாத அளவுக்குக் கேள்வி சிதைந்திருந்தால் மட்டும் விடை தராமல் காத்திருங்கள். தோல்வியை ஒப்புக்கொள்வதும் பிரெஞ்சிலேயே நடக்கட்டும். பிரெஞ்சுக் குழந்தைகள் விடுகதைக்கு விடை தெரியாதபோது 'என் நாக்கைப் பூனைக்குக் கொடுக்கிறேன்' என்பார்கள்: 'ழ தோன் மா லாங்க் ஓ ஷா'. வகுப்பு முழுவதும் அதைச் சேர்ந்து சொன்ன பிறகே சீட்டைப் பிரித்துக் காட்டுங்கள்.