மீட்டரை அப்புறம் பாருங்கள், முதலில் டயரைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் புரோக்கர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "செட்டியார் வீட்டு வண்டிங்க, அவங்க ஊருக்கு வந்தாதான் எடுப்பாங்க, இருபதாயிரம்கூட ஓடலை." உண்மையாகவே இருக்கலாம், அதற்காக மீட்டரைப் பார்த்ததுமே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் கொட்டகையில் நின்றாலும் டயருக்கு வயசாகும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெளிப்பக்கம் காணோம் என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். பட்டன், அதாவது தரையில் படும் வரிக் கட்டைகள், தேயாமல் புதுசு போலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகி மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும்.

அடுத்து சேஸிஸ் நம்பர். ஆர்சியையும் இன்சூரன்ஸ் ஜெராக்ஸையும் ஒப்பிட்டுவிட்டு சரி என்று திரும்புகிறார்கள், ரெண்டுமே காகிதம்தானே? வண்டியின் இரும்பில் அடித்த எண்ணைப் பார்க்க வேண்டும். மாடலைப் பொறுத்து முன் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் மடிப்பிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும், எந்த இடம் என்று கையேட்டில் படம் போட்டிருப்பான். மொத்தம் 17 எழுத்து, அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ வராது, எனவே வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம். மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே விழும். சுற்றி ராவின தடமோ அந்த இடத்தில் மட்டும் புது பெயின்டோ தெரிந்தால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

காற்று விஷயத்தில் படித்தவர்களும் தப்பு செய்கிறார்கள். டயரில் போட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, நாம் பிடிக்க வேண்டிய அளவு அல்ல. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் அது இருக்கிறது, பல வண்டிகளில் ரெண்டு பேருக்கு ஓர் அளவு, ஆள் நிறைந்து சாமானும் ஏறினால் வேறோர் அளவு. திருச்சியிலிருந்து ஓட்டி வந்த சூட்டோடு அளந்து, கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்காதீர்கள்.

சன் வைசரில் குழந்தை சீட்டுக்கு மேல் குறுக்குக் கோடு போட்ட படம் வெறும் அலங்காரம் இல்லை. ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில், பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால், அதை மூடித் தைக்கிற சாதா சீட் கவரும் வேண்டாம்.

ஸ்டெப்னியையும் ஒருமுறை பாருங்கள். மற்ற சக்கரங்களைவிட ஒல்லியாக, 80 என்று வேகம் போட்ட ஸ்டிக்கரோடு இருந்தால் அது பஞ்சர் கடை வரைக்கும்தான்.