கிறிஸ்துமஸ் அச்சு முறுக்கு: அச்சைப் பழக்குவது முதல் டப்பாவில் அடைப்பது வரை

காய்ந்த உலோக அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுக்கும் அச்சு முறுக்குக்கு மாவு கரைக்கக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அச்சின் சூடு பார்ப்பதுதான் கைப்பழக்கம். முதல் தடவை சுடுகிறவர்கள் பத்து முறுக்கைப் பாழாக்கிவிட்டு, "மாவில் ஏதோ குறை" என்று மாவையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பத்தில் எட்டு முறை குறை மாவில் இருக்காது, அச்சில் இருக்கும். அதனால் இந்த விளக்கத்தில் அச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் இதை அச்சப்பம் என்பார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ரோஸ் குக்கி. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸும் இதன் உடன்பிறப்புதான். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மூன்றாம் வாரம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறினால் முதலில் வருவது இதுவும் கலகலாவும்தான்.

எப்போது தொடங்குவது

25-ஆம் தேதிக்குச் சுட வேண்டிய நாள் 20 முதல் 22 வரை. அதற்கு முன்னால் சுட்டால் வீட்டிலேயே தீர்ந்துபோகும், 23-க்குப் பின்னால் தள்ளினால் கேக், குடில், துணிமணி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அச்சு புதிதாக இருந்தால் 10-ஆம் தேதியே அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

மழையையும் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழை சரியாகப் பலகாரம் சுடும் வாரத்தில்தான் வந்தது. கரண்ட் இல்லாவிட்டால் மிக்ஸி ஓடாது, மில்லும் ஓடாது. ஈர மாவு இடிக்கும் எண்ணம் இருந்தாலும் அரை கிலோ பச்சரிசி மாவு பாக்கெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அச்சு

கடையில் இரும்பு, பித்தளை, அலுமினியம், நான்ஸ்டிக் பூச்சு போட்டது என நான்கு வகை கிடைக்கும். கனமான இரும்பு அல்லது பித்தளை அச்சையே வாங்குங்கள். கனமான உலோகம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாவில் முக்கியதும் சட்டென்று ஆறிவிடாது. லேசான அலுமினிய அச்சு ஒவ்வொரு முக்கலிலும் குளிர்ந்துபோகும், ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நேரம் காய வைக்க வேண்டியிருக்கும். பூ வடிவம் பழகுவதற்கு எளிது. வண்ணத்துப்பூச்சி, நட்சத்திரம் போன்றவற்றின் கூர்மையான மூலைகளில் மாவு சிக்கிக்கொள்ளும், அதை இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடிக் கம்பி குறைந்தது ஒரு அடி நீளம் இருக்கட்டும். திருகாணியில் மாட்டும் வகை என்றால் ஆட்டிப் பாருங்கள். ஆடும் அச்சு கொதிக்கும் எண்ணெயில் கழன்று விழும்.

புது அச்சில் நேராகச் சுட்டால் ஒன்றுகூடக் கழலாது. பழக்கும் முறை இது:

1. சோப்புப் போட்டு ஒரே ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரும்பில் கடைக்காரர் தடவிய கிரீஸ் இருக்கும். அது போவதற்காகத்தான் இந்தச் சோப்பு, இனிமேல் எப்போதும் வேண்டாம்.
2. வடிகஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ ஓர் இரவு ஊற வையுங்கள். இரும்பு என்றால் காலையில் லேசாகத் துரு தெரியும், பயப்பட வேண்டாம். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி அடுப்பனலில் ஈரம் போகக் காட்டுங்கள். மூன்று நாள் இப்படியே செய்யுங்கள்.
3. பிறகு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, அல்லது எண்ணெயிலேயே அமிழ்த்தி, 2 நாள் விட்டுவிடுங்கள்.
4. சுடுகிற அன்று, மாவில் முக்குவதற்கு முன், எண்ணெய் காயும்போதே அச்சையும் அதற்குள் வைத்து 10 நிமிடம் காய விடுங்கள்.

பழைய அச்சுக்கு 4-வது மட்டும் போதும். ஒரு வருஷம் பெட்டிக்குள் கிடந்ததால் தூசி தட்டி, முந்தின இரவு எண்ணெயில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. அக்கம்பக்கத்தில் பல வருஷம் ஓடிய அச்சு இருந்தால் தயங்காமல் இரவல் கேளுங்கள். புது அச்சைவிட அது ஆயிரம் மடங்கு மேல். முறுக்கில் ஒரு தட்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

மாவு

சுமார் 40 முறுக்குக்கான அளவு:

பச்சரிசி கால் கிலோ
மைதா 3 மேசைக்கரண்டி
சர்க்கரை 110 கிராம், பொடித்தது
முட்டை 2
நடுத்தரத் தேங்காய் 1 (முதல் பால் 150 மில்லி, இரண்டாம் பால் 100 மில்லி)
கறுப்பு எள் 1 மேசைக்கரண்டி
ஏலக்காய் 4
உப்பு கால் தேக்கரண்டி
பொரிக்க எண்ணெய் 1 லிட்டர்

அரிசியை 2 மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்புங்கள். வெயில் நாளில் 20 நிமிடம் போதும். டிசம்பர் மூட்டத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகும், ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, கண் சிறிய சல்லடையில் சலித்து, நொய்யை மறுபடி அரையுங்கள். சலிக்கும் வேலையில் சோம்பல் வேண்டாம். நொய் கலந்த மாவு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், மேலே நிற்கிற மாவு நீர்த்து அச்சில் பிடிக்காது.

பாக்கெட் மாவு என்றால் அதே கால் கிலோ எடுங்கள். அது உலர்ந்த மாவு என்பதால் 50 முதல் 75 மில்லி பால் கூடுதலாகக் குடிக்கும். வறுத்த இடியாப்ப மாவு இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

முட்டையையும் பொடித்த சர்க்கரையையும் சர்க்கரை கரையும் வரை கலக்குங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம், நுரையிலுள்ள காற்று முறுக்கில் கொப்புளமாக வரும். முதல் பாலும் உப்பும் சேர்த்து, அரிசி மாவையும் மைதாவையும் கட்டியில்லாமல் கரையுங்கள். கட்டி இருந்தால் வடிகட்டிவிடுங்கள். எள்ளையும் ஏலப் பொடியையும் வடிகட்டிய பிறகுதான் போட வேண்டும். இரண்டாம் பாலை மொத்தமாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாக விட்டுப் பதம் பாருங்கள்.

பதம் இதுதான்: தோசை மாவைவிட ஒரு பங்கு நீர்ப்பாக இருக்க வேண்டும். கரண்டியை முக்கி எடுத்தால் பின்புறத்தில் மெல்லிய போர்வை போலப் படிய வேண்டும். அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளக் கூடாது. மூடினால் மாவு நீர்ப்பு, ஒரு கரண்டி அரிசி மாவு சேருங்கள். படியாமல் தடிப்பாகத் தொங்கினால் பால் விடுங்கள்.

அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம். ராத்திரி கரைத்து காலையில் சுடும் யோசனை வேண்டாம், தேங்காய்ப் பால் புளித்துவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் மைதாவை 6 மேசைக்கரண்டியாக்கி, பாலையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். முறுக்கு கொஞ்சம் கடினமாக வரும், ருசியில் பெரிய குறை இராது.

சூடு

வாணலி ஆழமாக இருக்க வேண்டும். அச்சு முழுவதும் மூழ்கி, அடியில் முட்டாமல் நிற்க 6 முதல் 7 செ.மீ. உயரத்துக்கு எண்ணெய் வேண்டும். கடலை எண்ணெய், சூரியகாந்தி இரண்டும் சரி. தேங்காய் எண்ணெயில் சுட்டால் மணமே தனி. ஆனால் செக்கெண்ணெய் சீக்கிரம் புகையும், தீயைக் குறைத்தே வையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 170 முதல் 180 டிகிரி. இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய் உடனே மேலே வந்து, கறுக்காமல் பொரிந்தால் சரி.

மாவைக் குறுகலான, ஆழமான பாத்திரத்தில் வைத்து வாணலிக்குப் பக்கத்தில் வையுங்கள். அச்சை எண்ணெயிலிருந்து எடுத்து, இரண்டு உதறு உதறி, மடித்த பருத்தித் துணியில் ஒரு தொடு தொட்டு, மாவில் முக்கால் பங்கு மட்டும் இறக்குங்கள். மேல் விளிம்பு கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். மாவு அதையும் மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும், பிறகு கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டும்.

மாவில் இறங்கும்போது மெல்ல 'சுர்ர்' என்று கேட்கும். இந்தச் சத்தத்தைக் காதில் வாங்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. சத்தமே இல்லை என்றால் அச்சு ஆறிவிட்டது: மாவு வழுக்கி விழும், இல்லாவிட்டால் அச்சோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயில் கழல மறுக்கும். 'சுரீர்' என்று பெருஞ்சத்தத்தோடு மாவு கொதித்தால் அச்சு அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டில் உலோகத்தைத் தொட்ட ஈரம் உடனே ஆவியாகி மாவை வெளியே தள்ளும், அச்சை எடுத்தால் அங்கங்கே வெறும் இரும்பு தெரியும். அப்போது அச்சைக் காற்றில் பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு மறுபடி முக்குங்கள்.

2, 3 நொடி பிடித்து, எடுத்து, எண்ணெயில் இறக்குங்கள். அடியைத் தொடாமல் பிடித்திருங்கள். 20 முதல் 30 நொடியில் ஓரம் வெந்து அச்சை விட்டு விலக ஆரம்பிக்கும். அப்போது மணி ஆட்டுவது போல மேலும் கீழுமாக மெல்ல ஆட்டினால் கழன்றுவிடும். வராவிட்டால் ஈர்க்குச்சியாலோ மெல்லிய கம்பியாலோ ஓரத்தில் ஒரு தள்ளு தள்ளுங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே ஆட்டினால் வேகாத மாவு கிழிந்து பாதி எண்ணெயிலும் பாதி அச்சிலும் நிற்கும்.

கழன்றதும் திருப்பிப் போட்டு, குமிழி அடங்கும்போது வெளிர்ப் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். சர்க்கரை இருப்பதால் வெளியே வந்த பிறகும் ஒரு சாயல் கறுக்கும். தட்டில் பார்த்து அழகாக இருக்கும் நிறத்தில் எடுத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் அது காப்பிக் கொட்டை நிறம்.

முறுக்கு பொரியும்போதே அச்சு எண்ணெயில் கிடக்கட்டும், அடுத்த முக்கலுக்கு அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். இரண்டு அச்சு இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஒருவர் முக்க, மற்றவர் திருப்பி எடுக்க என்று இரண்டு பேர் நிற்பதே வசதி. பிள்ளைகளுக்கு ஆறின முறுக்கை அடுக்கும் வேலையைக் கொடுத்து, மேசைப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கொதிக்கும் எண்ணெய்க்கு அருகே அவர்களுக்கு வேலை இல்லை.

ஐந்தாறு முறுக்குக்கு ஒரு முறை மாவை அடிவரை கலக்குங்கள். அனலில் மாவு இறுகும், ஒரு கரண்டி இரண்டாம் பால் விட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று கோணலாகத்தான் வரும். அவற்றுக்குச் சுற்றி நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியும் கெட்டால்

எண்ணெயில் தூள் தூளாகப் பிரிந்தால், சர்க்கரையோ தேங்காய்ப் பாலின் கொழுப்போ கூடிவிட்டது. மாவில் 2 கரண்டி மைதாவும் இரண்டாம் பாலும் சேர்த்துப் பாருங்கள். எண்ணெய் குடித்துக் கனமாக வந்தால் தீ போதவில்லை. வெளியே சிவந்து உள்ளே மெதுவாக இருந்தால் தீ அதிகம், அல்லது மாவு தடிப்பு. பல் உடையும் கடினம் என்றால் அரிசி மாவு கூடிவிட்டது. நன்றாக வந்துகொண்டிருந்த அச்சு நடுவில் திடீரென்று ஒட்ட ஆரம்பித்தால், கருகின மாவுத் துணுக்கு மூலையில் இருக்கும். குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, 5 நிமிடம் எண்ணெயில் காய விடுங்கள்.

டப்பாவும் டிசம்பர் ஈரமும்

சுட்டதைக் குவித்து வைக்காதீர்கள், சூட்டின் ஆவி பட்டு அடியில் உள்ளவை நமுத்துவிடும். தாளில் ஒற்றை வரிசையாகப் பரப்பி முழுவதும் ஆற விடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். வெளியே மழை என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆறினதும் உடனே அடையுங்கள். இறுக மூடும் எவர்சில்வர் தூக்கோ டின்னோ எடுத்து, அடியில் டிஷ்யூ தாள் விரித்து, வரிசைக்கு நடுவிலும் ஒரு தாள் வைத்து அடுக்குங்கள். அச்சடித்த தாள் வேண்டாம், மை ஒட்டும். இப்படி வைத்தால் 2 வாரம் முறுகலாக இருக்கும்.

பெரிய டின்னை நாலு தரம் திறந்தால் நாலு தரம் ஈரக்காற்று உள்ளே போகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கும், சும்மா கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு சின்ன டப்பாவைத் தனியாக வைத்துவிடுங்கள். பெரிய டின்னை 25-ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து, அண்டை வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது திறந்தால் போதும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசம் வந்த தட்டு இன்னும் திருப்பப்படாமல் இருந்தால் அதிலேயே வைத்து அனுப்பலாம். தட்டில் அடியில் கலகலா, நடுவில் கேக் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அச்சு முறுக்கு. கீழே வைத்தால் நொறுங்கிப் பொடிதான் போய்ச் சேரும்.

நமுத்துப் போனாலும் தூக்கிப் போட வேண்டாம். ஓவனில் 120 டிகிரியில் 5 முதல் 7 நிமிடம் வைத்து ஆற விட்டால் பழைய முறுகல் திரும்பும். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லை மிகச் சின்னத் தீயில் காய வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி எடுக்கலாம்.

கடைசியாக அச்சு. சுட்டு முடித்ததும் சூடு ஆறுவதற்குள் துணியால் துடைத்து, மூலைகளில் உள்ள துணுக்கை ஈர்க்குச்சியால் எடுத்துவிடுங்கள். தண்ணீர், சோப்பு எதுவும் காட்ட வேண்டாம். எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வைத்தால் அடுத்த டிசம்பரில் தேட வேண்டியிருக்காது.